டெல்மரின் மௌன விரதம்

இந்தக் குளிர்காலத்தில் மாமியாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று டெல்மர் முடிவு செய்திருந்தான். சண்டை ஏதும் இல்லை. அகதா அம்மாள் ஜனவரி பிறந்தால் வடக்கு டகோட்டாவிலிருந்து மொன்டானாவுக்குக் கிளம்பி வந்துவிடுவார். மூன்று வாரம் தங்குவார். அந்த மூன்று வாரமும் தன் முழங்காலைப் பற்றியும், மாப்பிள்ளையின் தொப்பையைப் பற்றியும் பேசுவார். போன வருஷம் தொப்பைக்கே ஒரு வாரம் போனது.

இந்த வருஷம் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. அம்மா தங்குகிற மாடி அறைக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி அவன் பெண்டாட்டி வெர்னா போன செப்டம்பரிலேயே டப்பா வாங்கி வைத்துவிட்டாள். அது இன்னும் திறக்கப்படவில்லை.

இரண்டுக்கும் டெல்மரிடம் ஒரே பதில் இருந்தது. அவனிடம் பதினோரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகள் உண்டு. பாதிக்குக் கடையில் தோட்டாவே கிடைக்காது. ஆகவே சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டுக்கு அடியிலுள்ள அறையில் உட்கார்ந்து, வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டு வைத்துத் தானே தோட்டா செய்வான். அந்த வேலை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. பேச்சுக் கவனத்தில் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால், சுடுகிறவன் முகத்திலேயே துப்பாக்கி வெடிக்கும். இது அவனுடைய துப்பாக்கிச் சங்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். டெல்மர் பெண்டாட்டியிடம் சொன்னவற்றில் முழு உண்மை இது ஒன்றுதான். அதனால்தான் செல்லுபடியானது.

"டெல்மர், பெயின்ட் என்ன ஆச்சு?" வெர்னா படிக்கட்டில் நின்று கேட்டாள்.

"அளந்துக்கிட்டு இருக்கேன்."

"காலையிலேர்ந்து அளக்குறியே."

"இப்படிப் பேச்சுக் குடுத்தா மறுபடியும் முதல்லேர்ந்து அளக்கணும்."

வெர்னா போய்விட்டாள். டெல்மர் ரேடியோவைக் காதோடு வைத்து ஹாக்கி ஆட்டம் கேட்டபடி, மான்கறி சாசேஜை இன்னொரு துண்டு நறுக்கிக்கொண்டான்.

அகதா அம்மாள் வந்து சேர்ந்த அன்று ராத்திரி சாப்பாட்டில் வெர்னா சண்டை போடவில்லை. அப்போதே டெல்மர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அம்மா, நாளைக்கு நீயும் கீழ போய் இவர் வேலையைப் பாரேன். உனக்கும் பொழுது போகும்."

"அங்க பேசவே கூடாதே, அத்தை. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்," என்றான் டெல்மர்.

"நாப்பது வருஷம் மருந்துக்கடையில அளந்து குடுத்தவ நான். பேசிக்கிட்டே அளந்தா ஆளு போயிடும்னு எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கோ. போட்டுக்காதேன்னா மட்டும் விடவா போற."

பத்து நிமிஷம் தாங்க மாட்டார் என்று டெல்மர் கணக்குப் போட்டான்.

மறுநாள் அகதா அம்மாள் நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டி உட்கார்ந்தார். நாலு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. திண்டாடியது டெல்மர்தான். ரேடியோவை எடுக்க முடியாது. சாசேஜை எடுத்தால் தொப்பைப் பேச்சு வரும். வேறு வழியில்லாமல் உண்மையாகவே வேலை செய்தான். ஐம்பது தோட்டா முடித்து நிமிர்ந்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சுதா? இப்பப் பேசலாமா?" என்றார் அகதா அம்மாள்.

"பேசலாம், அத்தை."

"மேசைமேல ஏன் ரெண்டு டப்பா மருந்து இருக்கு?"

டெல்மர் பார்த்தான். இரண்டு டப்பா இருந்தன. இரண்டும் வேறு வேறு மருந்து. இரண்டுக்கும் மூடி திறந்திருந்தது. மருந்து மாறினாலும் துப்பாக்கி வெடிக்கும், அதனால் மேசையில் ஒரு மருந்துதான் இருக்கலாம் என்பது நேற்றுச் சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

"இந்த ஐம்பதும் எந்த டப்பாவுலேர்ந்து போட்ட?"

"இதுலேர்ந்துதான்."

"சத்தியமாச் சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை. ஹாக்கி நினைப்பில் நடுவில் எதையோ மாற்றி எடுத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன. தன் முகத்தை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அப்ப ஐம்பதையும் பிரிக்கணும். எந்திரி, நான் பிரிக்கிறேன். கவனம் இல்லாதவன் இந்த மேசையில உக்காரக் கூடாது. எப்படிப் பிரிக்கணும்னு மட்டும் காட்டிட்டு மேல போ."

காட்டிவிட்டு மேலே போனான். வெர்னா படிக்கட்டின் உச்சியில் பெயின்ட் ரோலரோடு நின்றாள்.

"வந்துட்டியா? பழைய துணி உள்ள விரிச்சு வெச்சிருக்கேன்."

"ரெண்டு டப்பா விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நவம்பர்லேர்ந்து தெரியும். சொல்ல வந்தேன். அளந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்ட."

மூன்று நாள் பெயின்ட் அடித்தான். கூரைக்கு ஒரு பூச்சு, சுவருக்கு இரண்டு பூச்சு, ஜன்னல் சட்டத்துக்கு மூன்று. கீழேயிருந்து ஒரு சத்தம் இல்லை. பிரித்த கூடுகளில் அகதா அம்மாளே அளந்து போட்டுச் செய்த தோட்டாக்களைச் சனிக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. இருபது வருஷமாக டெல்மருடைய குண்டுகள் அட்டையில் ஆளுக்கொரு மூலையில்தான் குடியிருந்தன. சங்கத் தலைவர் ரஸ்கின் தொப்பியைக் கழற்றி அம்மாளுக்குக் கை கொடுத்தார். டெல்மர் காரைக் கிளப்பப் போய்விட்டான்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அறை தயார். அம்மாள் மேலே வந்து படுப்பார். கீழறை மறுபடியும் தன் கைக்கு வரும்.

"வெர்னா, பெயின்ட் காய்ஞ்சிடுச்சு. அத்தை பெட்டியை மேல கொண்டு வந்துடவா?"

"வேண்டாம். அம்மா கீழேயே கட்டில் போட்டுக்கிட்டாங்க. மார்ச் வரைக்கும் இருக்கப் போறாங்களாம்."

டெல்மர் கழுவிக்கொண்டிருந்த ரோலரைக் கீழே வைத்தான்.

"அப்ப இந்த ரூம் யாருக்கு?"

"எங்க அக்கா லொரெட்டாவுக்கு. அம்மா போன்ல சொன்னதும் தானும் தோட்டா செய்யக் கத்துக்கணும்னு நாளைக்கே கிளம்புறா."

"லொரெட்டாவா? அவளால ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"கீழ இருக்குற வரைக்கும் இருந்துடுவா," என்றாள் வெர்னா. "மேல வந்து மொத்தத்தையும் உன்கிட்டப் பேசித் தீர்த்துப்பா. நீதான் இப்ப சும்மா இருக்கியே."