பிள்ளையார் உள்ளே, கம்பைலர் வெளியே

தப்பு யார் மேல் என்று தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். என் மேல்தான் என்று தெரிந்துவிட்டால் இன்னும் அதிகமாக வரும். (இது ஒப்புதல் வாக்குமூலம்தான், மன்னிப்பு இல்லை.)

படிப்பு முடித்த வருடம். கேளம்பாக்கத்தில் வாஷிங் மெஷினுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நேர்முகத் தேர்வு. தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு தருவார்கள். நம் லேப்டாப்பில் புரோகிராம் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் அதிலுள்ள குட்டி விளக்கை மினுக்கிக் காட்டினால் வேலை. நாம் எழுதுவதை அந்தச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தர கிராஸ் கம்பைலர் என்று ஒன்று வேண்டும். முந்தின நாளே பீர்க்கன்கரணை வீட்டில் அதை இறக்கி வைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். ராகு காலம் வந்துவிட்டது.

தேர்வு அறையில் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். “கம்பைலர் காணவில்லை” என்றது. ஃபோல்டரைத் திறந்தால் கம்பைலர் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது! இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். காணவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். காணவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ம்ஹூம். நாற்பது நிமிடம் போயே போச்சு.

எதிரே உட்கார்ந்து போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் தேசிங்கு அண்ணன் மேல் பாய்ந்தேன்.

“நீங்க அனுப்புன லிங்க்லதாண்ணா இறக்கினேன்! கண்ணு முன்னாடி இருக்கறத இல்லைங்குது. இத வச்சிக்கிட்டா கம்பெனி நடத்துறீங்க?”

வாசலில் மேனேஜர் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

தேசிங்கு அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். “இன்னா மேடம், ஃபோல்டருக்கு ‘உ’னு பேரு வெச்சிக்கீறீங்க?”

“பிள்ளையார் சுழிண்ணா. நல்ல காரியத்துக்கு முன்னாடி போடணும்ல?”

“அதுக்கு இங்கிலீஷ் பேர்தான் மேடம் படிக்க வரும். தமிழ்ல கீதுன்னா உள்ளயே போவாது.”

படிக்கத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? காணவில்லை என்று புளுகுவானேன்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பெயரை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் வேலை கேட்டு வந்த இடத்தில், அதுவும் தேர்வன்று, பிள்ளையார் சுழியை அழிப்பதா? கை வரவில்லை. பன்னிரண்டு நிமிடம் மீதி. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அழிச்சிடாதேம்மா!” என்று அலறினார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா. நிலைமையை விளக்கவே எட்டு நிமிடம் ஆனது. “பிள்ளையார் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். கம்பைலரை மட்டும் வெளிய கூட்டிட்டு வா.” போனை வைப்பதற்கு முன், “சாப்பிட்டியா?” வேறு.

கூட்டி வந்தேன். உடனே கண்டுகொண்டது, கடன்காரக் கம்பைலர். புரோகிராமை ஏற்றக் கை வைக்கும்போது மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். “டைம் முடிஞ்சிடுச்சும்மா.”

வேலை போச்சு. வண்டலூர் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது வேறு கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் வீட்டில் நான் “வண்டிச் சாவியைக் காணோம்!” என்று கத்தினால் போதும், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “பிள்ளையார்கிட்ட பாத்தியா?” என்பார். எனக்கு வருமே ஒரு கோபம்! அந்தக் கோபத்தோடு போய்ப் பூஜை அலமாரியைத் திறந்தால், பிள்ளையார் படத்துக்கு முன்னால் சாவி இருக்கும். நான்தான் வைத்திருப்பேன்.