ஏழு தலையும் ஒரு விசிலும்

என் சம்பந்தியைப்போலத் தலை எண்ணுகிற மனிதர் திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டுமல்ல, மக்கள்தொகைக் கணக்கெடுக்கிற இலாகாவிலேயே கிடையாது. முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனது உடம்பு மட்டும்தான். வாய் இன்னும் டூட்டியில் இருக்கிறது. போனை வைக்கும்போது 'ரைட்' என்பார். ஜெபம் முடிந்து ஊரே 'ஆமென்' சொன்னால், அதன்மேல் ஒரு 'ரைட்' வைப்பார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ரைட்டு என்றால்தான் வீடு காட்டுவார்கள்.

என் மகள் ரீட்டாவை அவர் மகனுக்குக் கொடுத்தபோதே எனக்கு உள்ளுக்குள் பயம்தான். கல்யாணத்தன்று கோவிலில் ஃபாதர் பீடத்துக்கு வந்துவிட்டார். இவரோ நடுவழியில் நின்றுகொண்டு என் சொந்தபந்தங்களைப் பெஞ்சுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! அம்புட்டு எடம் கெடக்குல்ல? வாசல்ல நின்னா எப்புடி?"

ஐந்து பேர் உட்காருகிற பெஞ்சில் எட்டுப் பேர். என் பெரிய மைத்துனர் முழங்கால் போடவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் பூசை முழுக்க ஒரே நிலையில் இருந்தார். பந்தியிலும் இதே கூத்துதான். ஆனால், பொய் சொல்லக்கூடாது, அன்றைக்குச் சாப்பிடாமல் வீடு திரும்பியவர் ஒருத்தர்கூட இல்லை.

சட்டைக்குள்ளே கழுத்தில் ஜெபமாலை ஒன்று, பித்தளை விசில் ஒன்று, இரண்டும் எப்போதும் தொங்கும். எது முதலில் ஏறியது என்று சம்பந்தியம்மாவுக்கே தெரியாது.

இந்த எண்ணுகிற வியாதி எப்படி வந்தது என்பதை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். ஆரம்ப காலத்தில் அவர் திருச்சி ரோட்டு வண்டியில் இருந்தாராம். அய்யலூர்ச் சந்தையில் ஒருவர் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு ஏறியிருக்கிறார். டிரைவர் டீ குடிக்க இறங்க, ஆட்டுக்காரரும் இறங்கியிருக்கிறார். நம்மவர் எண்ணிப் பார்க்காமல் 'போகலாம்' என்று டபுள் விசில் கொடுத்துவிட்டார். திண்டுக்கல்லில் பார்த்தால் குட்டிகள் இரண்டும் கடைசி சீட்டில் இருக்கின்றன, ஆளைக் காணோம். அடுத்த வண்டியில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அய்யலூருக்குப் போனால், அந்த மனிதர் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

"அன்னையில இருந்து இவருக்கு எண்ணாம தூக்கம் வராது சம்பந்தி. டீ குடிக்கிற எடத்துலதான் ஆளு தொலையும்னு சொல்லிக்கிட்டே கெடப்பாரு" என்றார்.

சிரித்தேன். எனக்கென்ன தெரியும், அடுத்த ஆட்டுக்காரன் நான்தான் என்று!

போன வருஷம் பேரனின் ஞானஸ்நானத்துக்காக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜப்பானுக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு ஒசாகாவில் வேலை. ஒருநாள், "மாமா, நீங்க சரித்திர வாத்தியார்ல? உஜின்னு ஒரு ஊரு இருக்கு. பழைய காலத்துல இருந்து டீக்குப் பேர் போன ஊரு. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். சம்பந்தியின் முகம் செத்துப்போய்விட்டது.

"ஊரே டீக்கடையா?" என்றார்.

பெரியவர்கள் நாலு பேர், மகள், மாப்பிள்ளை, கைக்குழந்தை, ஆக ஏழு. அந்த ஏழை வீட்டு வாசலில் ஒரு தடவை, லிஃப்ட்டில் ஒரு தடவை, பிளாட்பாரத்தில் இரண்டு தடவை எண்ணினார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "அப்பா, எண்ணிக்கங்க. விசில மட்டும் எடுத்துராதீங்க. இங்க யாரும் சத்தமாக்கூடப் பேச மாட்டாங்க." சம்பந்தி மாதாமேல் சத்தியம் செய்து கொடுத்தார்.

ரயிலில் காலி இருக்கைகள் இருந்தும் கதவோரமே நின்று வந்தார். ஒரு நிலையத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர் விரலை நீட்டி, சிக்னலைக் காட்டி, தண்டவாளத்தைக் காட்டி, தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அங்கே அப்படித்தான் வழக்கமாம். "பாத்தீங்களா சம்பந்தி! நம்ம ஆளு!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

உஜியில் இறங்கினதும் நிலையத்து வாசலில் டீ ஜாடி மாதிரியே ஒரு தபால் பெட்டி. "எல்லாரும் இதைப் பாத்து வெச்சுக்கங்க. தொலைஞ்சா இங்கதான் வரணும்" என்று ஆணையிட்டார். நான், முப்பத்துநாலு வருஷம் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளை ஆட்டிவைத்தவன், ஒரு தபால் பெட்டியைப் பார்க்கச் சொல்லி எனக்கே உத்தரவு! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தெரு முழுக்கத் தேயிலை வறுக்கிற வாசனை. ஐஸ்கிரீம் பச்சை, சேமியா மாதிரி ஒன்று இருந்தது, அதுவும் பச்சை. ஒரு பழைய கடையில் பாய்மேல் உட்கார வைத்தார்கள். ஒரு அம்மாள் கிண்ணத்தில் பச்சைப் பொடியைப் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பம் போன்ற ஒன்றால் பூசை செய்கிற நிதானத்தில் நுரைக்க வைத்தார். சத்தமே இல்லை. இந்த ஊர்த் தேயிலையின் வரலாற்றைச் சொல்வதற்காக நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று சம்பந்தியின் விரல் நீண்டது. என்னிடம் வந்து "நாலு" என்றபோது அந்த விரல் என் மூக்கில் இடித்தது.

எனக்கு வந்ததே கோபம்! "நிறுத்துங்க சம்பந்தி! இது என்ன பழனி பஸ்ஸா? நாங்கள்லாம் பாசஞ்சரா? வந்த எடத்துல மானத்தை வாங்குறீங்களே!"

அவர் விரலை மடக்கிக்கொண்டார். கசந்த டீயை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே போய் நின்றார். என் மனைவி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். இருந்தாலும் வீம்பு விடுமா? பழைய கோவில் ஒன்றின் வாசலில் எல்லோரும் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த நேரத்தில், கொஞ்சம் நிம்மதியாகச் சரித்திரம் பார்ப்போம் என்று நைசாக நழுவினேன்.

ஆற்றங்கரை அழகாகத்தான் இருந்தது. ஒரு பாலம் வந்தது, நடுவில் ஒரு திட்டு, அப்புறம் சிவப்பாக இன்னொரு பாலம். அரைமணி கழித்துத் திரும்பினால் எந்தப் பாலத்தில் வந்தேன் என்றே தெரியவில்லை. என் போன் மாப்பிள்ளை போனின் நெட் தயவில் வாழ்கிற போன். அவரை விட்டுப் பிரிந்தால் வெறும் டப்பா. பணமும் பாஸ்போர்ட்டும் மனைவியின் கைப்பையில். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன், மத்தியானச் சாப்பாடு ஆகவில்லை. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்து சட்டைப்பையைத் தடவினால் ஒரு மிட்டாய்கூட இல்லை.

ஒரு பெண்மணியிடம் "ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்றேன். புண்ணியவதி, கூடவே நடந்து வந்து நிலைய வாசலில் விட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அப்பாடா என்று நிமிர்ந்து பார்த்தேன். தபால் பெட்டியைக் காணோம். இரண்டு சுற்றுச் சுற்றினேன், இல்லவே இல்லை. அந்த ஊரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் ஒரு நிலையம். இரண்டுக்கும் உஜி என்றுதான் பெயர். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் நான் தொலைந்துவிட்டேன் என்பது மட்டும்தான். அறுபத்தைந்து வயதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கேட்டது. ஒரே ஒரு நீண்ட விசில்.

பழனி ரோட்டில் வளர்ந்தவனுக்கு அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டுமா? ஒரு விசில் அடித்தால் நிறுத்து. ஆள் வருது, வண்டியை எடுக்காதே.

ஓடினேன். நிலையத்தை ஒட்டியே பெரிய பாலம். அதன் நடுவில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி நிற்கிறார். வாயில் விசில். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். போச்சுடா, பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இவர் ஏழு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கிக் காட்டினாராம். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் கூடவே நின்று எட்டி எட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். நடந்ததை ரீட்டா சொன்னாள். ஆள் குறைகிறது என்று முதலில் சொன்னவர் சம்பந்திதான். யாரும் நம்பவில்லை.

"உங்களைச் சேத்து எண்ணுனீங்களாப்பா?" என்று மாப்பிள்ளை கேலி செய்திருக்கிறார்.

"ஏலே, என்னையச் சேத்துத்தாண்டா ஆறு! ஆளு வராம வண்டி எடுக்க மாட்டேன்" என்று பாலத்துக்குக் கிளம்பிவிட்டாராம். சத்தியத்தை மாதாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாராம்.

என் மனைவி ஒரு ஆரஞ்சு மிட்டாயை என் வாயில் திணித்துவிட்டு, "வீட்டுக்கு வாங்க, பேசிக்குவோம்" என்றாள்.

நான் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்க சம்பந்தி. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"அட விடுங்க. அய்யலூர் ஆட்டுக்காரரு என்னைய அடிக்கவே வந்தாரு. உங்களுக்கு வாய் மட்டுந்தான்" என்றார். விசிலைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரரும் வெள்ளைக் கையுறை விரலை நீட்டிக் கூடவே எண்ணினார். குழந்தை ஆறு. கடைசியில் சம்பந்தியின் விரல் என்னிடம் வந்து நின்றது.

முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகள் எனக்குச் சொன்ன பதில் என் வாயில் தானாக வந்தது.

"உள்ளேன் ஐயா."