மின்னிசை விழாவுக்குப் போன கைலி

நெருப்பையும் சக்கரத்தையும் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்துவிட்ட மனித இனம், கொளுத்தும் வெயிலில் குதித்து ஆடும்போது என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு மட்டும் விடை தெரியாமல் யுகயுகமாகத் தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவிப்பு, சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்கு நிறுவனத்தின் குளிரூட்டப்பட்ட கூட்ட அறையில் முடிவுக்கு வந்தது.

விடை கண்டவர் ரஞ்சன். கிளமெண்டியில் குடியிருப்பவர். அந்த நிறுவனத்தில் ‘ஊழியர் மகிழ்ச்சி அதிகாரி’. ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று கேட்பது அவருடைய பொறுப்பு. இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்பது வேறொருவர் பொறுப்பு. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

கப்பலில் வரும் பெட்டிகளை இறக்கி லாரியில் ஏற்றும் நிறுவனத்துக்குத் திடீரென்று இளமை தேவைப்பட்டது. ஆகவே மரினா பக்கம் திறந்தவெளியில், பட்டப்பகலில் தொடங்கும் மின்னிசை விழா ஒன்றுக்கு அது ஆதரவு தந்தது. மின்னிசை என்பது உயர்ந்த கலை. வாத்தியக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். ஒரே ஒருவர் மேடையில் நின்று பொத்தானைத் தொடுவார். கீழே இருக்கும் அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். அலுவலகமும் இப்படித்தான் நடக்கிறது என்பதால் மேலிடத்துக்கு அது உடனே பிடித்துப்போனது.

போன ஆண்டு விழாவில் ஒரு சிறு சறுக்கல். நிறுவனத்தின் கறுப்புச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு ஆடிய ஊழியர்களில் சிலர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார்கள். மயங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. மருத்துவக் கூடாரத்தில் எடுத்த படத்தில் நிறுவனத்தின் பெயர் சட்டையில் பளிச்சென்று தெரிந்ததுதான் வருத்தம்.

ஆகவே இந்த ஆண்டு ‘வெப்பகால விழா உடை உயர்மட்டக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், மனிதவள இயக்குநர் தனுஷிகா. உறுப்பினர், ஓய்வுபெறும் வயதை எட்டியும் எட்டாததுபோல் நடந்துகொள்ளும் நிதிப்பிரிவு விஸ்வலிங்கம். செயலாளர் ரஞ்சன். அறையில் குளிர் அதிகம் என்பதால் மூவரும் கோட்டு அணிந்து வெயிலைப் பற்றி விவாதித்தார்கள்.

“பேண்ட், பெல்ட், சாக்ஸ்,” என்றார் விஸ்வலிங்கம். “முடிஞ்சுது. வேற என்ன இருக்கு?”

“அங்கிள், அது டான்ஸ் பண்ற இடம்,” என்றார் தனுஷிகா.

“ஆடுறப்ப பேண்ட் கழண்டா? அதுக்குத்தான் பெல்ட்.”

தனுஷிகா தன் கைப்பேசியை நீட்டினார். அதில் பாலைவனத்தில் யாரோ சிலர் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தார்கள். “ஓவர்சீஸ்ல எல்லாரும் மெட்டாலிக்தான். சூரியனை ரிஃப்ளெக்ட் பண்ணிடும். அதான் சயின்ஸ் லா. ரஞ்சன், சண்டே நீங்க ஒரு ட்ரையல் பண்ணிடுங்க.”

“நானா மேடம்?”

“நீங்கதானே செக்ரட்டரி.”

அறிவியலுக்காகத் தம்மைத் தந்தவர்கள் வரலாற்றில் பலர் உண்டு. அவர்களில் யாரும் கிளமெண்டியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி ரயிலில், வெள்ளி ஜாக்கெட்டும் வலைப் பனியனும் முடி வைத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு போனதில்லை. வெயிலுக்கு எதற்கு முடி வைத்த பூட்ஸ் என்று ரஞ்சன் கேட்டிருந்தார். இணையத்தில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள் என்ற ‘ஆராய்ச்சி முடிவு’ அவருக்குக் காட்டப்பட்டது. ரயிலில் எதிரே இருந்த பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “நீங்க தீயணைப்புல இருக்கீங்களா தம்பி?” என்று மரியாதையாகக் கேட்டார்.

உச்சிவெயிலில் சிராங்கூன் சாலையில் இறங்கி நடந்தபோது ஜாக்கெட் தன் கடமையைச் செய்தது. சூரியனைத் திருப்பி அனுப்பியது. பூக்கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் தடுமாறி நின்றார். ஆனால் ரஞ்சனின் உடம்பிலிருந்து வெளியே வரப்பார்த்த வெப்பத்தையும் அது அதே கண்டிப்போடு உள்ளேயே திருப்பி அனுப்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவருக்குச் சாலை இரண்டாகத் தெரிந்தது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அது ஒரு துணிக்கடை வாசலில் தொங்கிய சட்டை வரிசை. வரிசையோடு சரிந்தார்.

கடைக்காரம்மா தங்கம் வெளியே ஓடிவந்தார்.

“ஐயோ தம்பி! யாரு உங்களை இப்படி ஃபாயில்ல சுத்தி அனுப்புனது?”

“ஆபீஸ்...” என்றார் ரஞ்சன் ஈனக்குரலில்.

“ஆபீஸா? அவங்க என்ன மீனா சுடுறாங்க? கழட்டுங்க மொதல்ல. வெக்கமெல்லாம் அப்புறம் படலாம்.”

துணி மாற்றும் திரைக்குப் பின்னால் தள்ளப்பட்ட ரஞ்சனுக்கு ஒரு பனியனும், தோளுக்குத் துண்டும், நீலக்கட்டம் போட்ட பருத்திக் கைலியும் வீசப்பட்டன. ஒரு பெரிய டம்ளர் மோரும் வந்தது. கைலியைக் கட்டிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நின்றபோது, எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் குறிப்பிடாத ஒரு திசையிலிருந்து காற்று வந்தது. ரஞ்சன் கண்ணை மூடினார். உலகம் நல்ல இடமாகத் தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது எதிரே அசோக் நின்றுகொண்டிருந்தான். நிறுவனத்தில் லாரி ஓட்டுபவன். துவாஸில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் இரண்டு நண்பர்களோடு கடைக்கு வந்திருந்தான்.

“சார்! நம்ம சாரா? கைலில சூப்பரா இருக்கீங்க சார்.”

குளிர்ந்த உடம்பில் நல்ல எண்ணம் சுலபமாக வருகிறது. ரஞ்சன் விழாவைப் பற்றிச் சொன்னார். ஊழியர் டிக்கெட்டுகள் மிச்சம் இருப்பதையும் சொன்னார். “நீங்க மூணு பேரும் வாங்களேன்.”

“நாங்களா சார்? அது ஸ்டாஃபுக்குத்தானே?”

“நீங்க யாரு அப்ப?”

அசோக் நண்பர்களைப் பார்த்தான். மூவரின் முகத்திலும் சிரிப்பு மெதுவாக வந்தது, வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருவதுபோல. “என்ன சார் போட்டுட்டு வரணும்?”

“இதேதான்,” என்று தன் கைலியைக் காட்டினார் ரஞ்சன். தம் பதவியின் பெயருக்கு அவர் இவ்வளவு அருகில் போனது அதுவே முதல் தடவை.

அடுத்த கூட்டத்தில் கைலி மேசைமேல் விரித்து வைக்கப்பட்டது. விஸ்வலிங்கம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“கைலியா? கைலி கட்டிட்டுப் போனா கேலியாயிடும், ரஞ்சன்.”

தனுஷிகா மட்டும் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். முகர்ந்தார். கண்ணை இடுக்கினார். “டிசைன் ஓகே. காட்டன் ஓகே. பேருதான் பிராப்ளம்.”

பெயர் வைப்பதற்கே ஒரு பகல் போனது. முடிவில் கைலி என்ற அந்த எளிய துணி ‘ஈக்வேட்டர் ராப்’, அதாவது பூமத்திய ரேகைச் சுற்றுத்துணி, என்று மறுபிறவி எடுத்தது. துண்டு ‘கூலிங் ஸ்கார்ஃப்’ ஆனது. பனியன் ஏற்கெனவே ஆங்கிலம்போல் ஒலிப்பதால் விட்டுவைக்கப்பட்டது. விஸ்வலிங்கத்தின் மனத்தாங்கலை மதித்து, கைலிக்கு மேல் விருப்பப்பட்டவர்கள் பெல்ட் அணியலாம் என்றும் தீர்மானமானது.

“மேடம், நம்ம டிரைவர்ஸ் மூணு பேரைக் கூப்பிட்டிருக்கேன்,” என்றார் ரஞ்சன் தயங்கியபடி.

“வாவ்! இன்க்ளூசிவ்!” என்று தனுஷிகா கைதட்டினார். “மெயில்ல போட்டுடுங்க. போல்டுல.”

விழா நாளன்று வெயில் யாரையும் விடவில்லை. வெள்ளி உடுத்தி வந்த மற்ற நிறுவனத்தார் தண்ணீர்க் குழாயடியில் குவிந்து கிடக்க, நீலக்கட்டக் கைலியில் நம்மவர்கள் மட்டும் மலர்ந்த முகத்தோடு ஆடினார்கள். வெளிநாட்டுப் பெண்கள் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்குத் தனுஷிகா, “இது எங்க டீம் டெவலப் பண்ணது,” என்று அடக்கத்தோடு பதில் சொன்னார். அன்றைய நாயகன் விஸ்வலிங்கம்தான். பெல்ட்டைத் தளர்த்தி அவர் கைலியை மடித்துக் கட்டிய லாவகத்தைப் பார்த்து, கூட்டத்தில் பாதிப் பேர் அதை ஒரு நடன அசைவு என்று எண்ணித் திருப்பிச் செய்தார்கள். படப்பிடிப்பாளர் ஓடி ஓடிப் படமெடுத்தார்.

அப்போது ரஞ்சனுக்கு நுழைவாயிலிலிருந்து அழைப்பு வந்தது.

வாயிலில் அசோக்கும் நண்பர்களும் ஒதுங்கி நின்றார்கள். புதுக் கைலி, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காவலர் அப்துல் முத்தலிப் சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சார், இவங்க உங்க கம்பெனியா?”

“ஆமா. ஏன், டிக்கெட் இல்லையா?”

“டிக்கெட் இருக்கு சார். டிரெஸ்தான். தூங்குற துணியில வந்தா உள்ள விடக்கூடாதுன்னு இன்ஸ்ட்ரக்‌ஷன்.”

ரஞ்சன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அதே நீலம். அதே கட்டம். அதே கடை.

“நானும் இதைத்தானே கட்டியிருக்கேன்?”

“உங்களோடது ஃபெஸ்டிவல் வேர் சார்.”

“எப்படிங்க வித்தியாசம் கண்டுபிடிச்சீங்க?”

முத்தலிப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “துணியில ஒண்ணும் தெரியல சார். ஆளைப் பாத்துத்தான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நானும் வீட்டுல கைலிதான் சார். யூனிஃபார்ம் இல்லேன்னா என்னையே இந்தப் பக்கம் விடமாட்டாங்க.”

விஷயம் தெரிந்து தனுஷிகாவே வந்துவிட்டார். அசோக்கைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தார். ரஞ்சனைத் தனியே அழைத்தார்.

“ரஞ்சன், ஒரு சின்ன பிராப்ளம் லா. எனக்கு ஒண்ணும் இல்ல, யூ நோ மீ. ஆனா போட்டோகிராஃபர் இருக்காரு. இவங்க நம்ம பக்கத்துல நின்னா, நம்ம ராப் கைலி மாதிரி தெரியும்.”

“அது கைலிதானே மேடம்?”

“இன்னைக்கு இல்ல.”

அது அசோக்கின் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு எட்டு முன்னால் வந்தான். “பேண்ட் மாத்திட்டு வரலாமா மேடம்?”

“ஓ, தாராளமா!” தனுஷிகாவின் முகம் தெளிந்தது. “நாங்க வெயிட் பண்றோம்.”

மரினா இருப்பது சிங்கப்பூர்த் தீவின் ஒரு கோடி. துவாஸ் மறு கோடி. போய் மாற்றிக்கொண்டு திரும்பும்போது மேடையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். அசோக்குக்கும் தெரியும். மரியாதைக்காகத் தெரியாதவன்போல் தலையாட்டினான்.

“நீங்க சொன்னீங்கன்னுதான் சார் புதுசு எடுத்தோம்,” என்றான் ரஞ்சனிடம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ரஞ்சனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரஞ்சன் வாயைத் திறந்தார். இவர்கள் வராவிட்டால் நானும் உள்ளே போகமாட்டேன் என்ற வாக்கியம் முழுதாக, இலக்கணப் பிழையின்றி, தொண்டைவரை வந்தது. தனுஷிகா அவரைப் பார்த்தார். ஆண்டு மதிப்பீடு நடக்கும் மாதம் அது. வாக்கியம் கீழே இறங்கிவிட, வேலைப் பழக்கத்தில் வேறொன்று வெளியே வந்தது:

“உங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார்,” என்றான் அசோக்.

மூவரும் வெயிலில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் யாரோ சுற்றுலாப் பயணி அவர்களை நிறுத்தி, கைலியைக் காட்டி ஏதோ கேட்டார். விழாவில் எல்லோரும் இதைத்தான் உடுத்தியிருக்கிறார்களே, நீங்கள் ஏன் வெளியே போகிறீர்கள் என்று கேட்டிருப்பாரோ என்னவோ. அசோக் சிரித்துக் கையை விரிப்பது மட்டும் தெரிந்தது. ரஞ்சன் உள்ளே திரும்பினார். மேடையில் இருந்தவர் பொத்தானைத் தொட்டார். எல்லோர் கையும் உயர்ந்தது. ரஞ்சன் தன் கையைக் கொண்டு கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது எந்த நேரமும் அவிழ்ந்துவிடும் போலிருந்தது.

இத்தகைய சாதனைகளை நாடு கவனிக்காமல் விடுவதில்லை. தொழில்துறைச் சங்கம் ஒன்று, பணியிடச் சமத்துவத்துக்கான அவ்வாண்டு விருதை நிறுவனத்துக்கு அறிவித்தது. மேடையில் வாசிக்க வேண்டிய பாராட்டுரையைப் பரிசு பெறுபவர்களே எழுதித் தரவேண்டும் என்பது அங்கே மரபு. ரஞ்சன் எழுதினார். எழுத வெகுநாள் எடுத்துக்கொண்டார். தனுஷிகா படித்துவிட்டு, “லவ்லி தமிழ் லா, நீங்க இவ்வளவு நல்லா எழுதுவீங்களா?” என்றார். விஸ்வலிங்கம் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

விருது விருந்து நட்சத்திர விடுதி ஒன்றில், நண்பகலில். எல்லோரும் கோட்டு அணிந்திருந்தார்கள். சங்கத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரஞ்சன் எழுதிய கடைசி வரியைக் கணீரென்று வாசித்தார்:

“தொழிலாளியின் உடையை, தொழிலாளி ஒருவர்கூட இல்லாமலேயே, விழாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் நிறுவனம் இது!”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.