அணைக்கிறவருக்கே தெரியும்

"இந்த வீட்டில் யாரோ ஒருவர் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்கிறார். வேண்டுமென்றே அணைக்கிறார். யாரென்று அணைக்கிறவருக்கே தெரியும். அவரே முன்வந்து இதைச் சரி செய்யவேண்டும். இப்படிக்கு, வீட்டுத் தலைவர்."

கடைத்தெருவில் பாதிவிலை என்று பெயரெடுத்த மனிதர் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஹால் சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒட்டினார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கோபம் போதவில்லை. 'வேண்டுமென்றே' என்பதற்கு அடியில் கோடு போட்டார். அதுவும் போதவில்லை. மூன்றாவது கோடு போட்டதில் காகிதம் கிழிந்தது.

ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த அவர் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வீட்டுத் தலைவர்னா யாருங்க?"

"நான்தான். வேற யாரு?"

"இல்ல, பேரு போடலையே, அதான் கேட்டேன்."

பாதிவிலை என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர். யார் என்ன விலை சொன்னாலும் அது காதில் நுழைந்து வாய் வழியாக வெளியே வரும்போது பாதியாகத்தான் வரும். டாக்டர் ஆறு மாத்திரை எழுதினால், "மூணுல முடிச்சுக் குடுங்க" என்பார். பதினாலு வயதில் மரப்பட்டறையில் சேர்ந்து, முதலாளியிடம் குட்டு வாங்கியே வளர்ந்த தலை அது. ஆணியைச் சிந்தினால் ஒரு குட்டு. பசை டப்பாவை மூடாமல் விட்டால் ஒரு குட்டு. விளக்கை அணைக்காமல் வெளியே வந்தால் இரண்டு குட்டு. "அந்தக் குட்டுதான் இன்னைக்கு என்னை முதலாளியாக்கி உக்கார வச்சிருக்கு" என்று தலையைத் தடவிக்கொண்டு எல்லோரிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பு வந்ததற்குக் காரணம் ஒரு பீரோ.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூன்று கதவு வைத்த மர பீரோ ஒன்றைப் பாதி விலைக்குப் பேசி முடித்து வீட்டுக்கே தூக்கிவந்தார். அதை நிறுத்துவதற்கு ஹாலில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரில்தான் சமையலறை விளக்கின் சுவிட்சும் இருந்தது. பீரோவா, சுவிட்சா என்று வந்தபோது பீரோ ஜெயித்தது. அன்றிலிருந்து அவர் மனைவி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தன் தையல் அளவுகோலை நுழைத்து, பல் டாக்டர் மாதிரி ஒரு கண்ணை மூடித் துழாவி, சுவிட்சைத் தட்டித்தான் சமையலறைக்கு வெளிச்சம் கொண்டுவருகிறாள்.

"சமையல்கட்டுக்குள்ள ஒரு சுவிட்ச் வச்சுக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"சுவரைக் குடையணும். ஒயர் இழுக்கணும். மறுபடி பூசணும். பெயின்ட் அடிக்கணும். சுவிட்சாம் சுவிட்ச்!"

பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். போன மாதம் ஒரு கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய், பன்னிரண்டு ஸ்மார்ட் பல்பும் மூன்று ஸ்மார்ட் பிளக்கும் மொத்தமாகப் பாதிக்கும் கீழே மடக்கினார். கல்லூரியில் படிக்கிற மகள் எல்லாவற்றையும் மாட்டி, போனோடு இணைத்துக் கொடுத்தாள். பாதிவிலை வெற்றிவீரர் மாதிரி சமையலறை வாசலில் நின்றார்.

"இனிமே சுவிட்சே வேண்டாம்! போனைத் தொட்டா எரியும், தொட்டா அணையும்."

"கை ஈரமா இருந்தா?"

"தொடைச்சுக்கோ."

"போன் வேற ரூம்ல இருந்தா?"

"போய் எடுத்துட்டு வா."

"இருட்டுல எப்படிப் போறது?"

"போன்ல டார்ச்சைப் போட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சுவரில் இருக்கும் சுவிட்சுகள் எப்போதும் போட்டபடியே இருக்கவேண்டும். சுவரில் அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டு போகாது. கரண்டு போகாத பல்பு எவ்வளவு ஸ்மார்ட்டாக இருந்தாலும் அது தொங்குகிற கண்ணாடிதான்.

முதல் வாரமே மானம் போனது. எதிர்க்கடை எலக்ட்ரீஷியனைத் தன் கடைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்காரவைத்து, பாதிவிலை போனை எடுத்தார்.

"உன் தொழில் முடிஞ்சுதுப்பா. இனிமே சுவிட்ச் யாருக்கு வேணும்? இங்க அழுத்தினா அங்க ஹால் லைட் எரியும். பார்க்கிறியா?"

அழுத்தினார். மகள் போனிலிருந்து வீட்டிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மகள் அன்றைக்குக் கடையில்தான் இருந்தாள்.

"எரியுதா?"

"இல்லைங்களே."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப நல்லாப் பாரு!"

"இப்ப மெஷின் நின்னுபோச்சு."

தையல் மெஷினை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருந்தார்கள். கோபத்தில் அழுத்திய விரல் அதில் பட்டுவிட்டது.

"மெஷினை விடு! ஹால் லைட் ஏன் எரியல?"

"சுவர்ல சுவிட்ச் அணைஞ்சிருக்கு."

"யார் அணைச்சது?"

"யாரோ."

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "என் தொழில் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் போலண்ணே" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தார். அவர் சிரித்திருந்தால்கூடப் பாதிவிலைக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. கடையிலிருந்து அழுத்தினால் ஹால் எரியாது. படுக்கையறை எரியாது. கேட்டால் "யாரோ." அந்த யாரோவின் மேல்தான் அந்தச் சனிக்கிழமை அறிவிப்பு ஒட்டப்பட்டது.

"அப்பா, சுவிட்ச் மேல டேப்பை ஒட்டிட்டா யாரும் தொடமாட்டாங்க. அவ்வளவுதானே?" என்றாள் மகள்.

"டேப் ஒட்டினா திருடன் உஷாராயிடுவான். எனக்கு ஆளு வேணும்!"

"ஆளுதானே? ஆப்ல பதிவாகியிருக்கும். எந்த பல்பு என்னைக்கு எத்தனை மணிக்கு அணைஞ்சுதுன்னு எல்லாம் வரும்."

மெஷின் சத்தம் நின்றது. பாதிவிலை திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. தெரிந்ததாக அவர் நினைத்தார். முப்பது வருஷ வியாபாரத்தில் எதிராளியின் முகத்தில் கலக்கம் தெரிந்த இடத்தில் அவர் விட்டுவிட்டு வந்ததில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் படிக்கப்போறேன். மாட்டின ஆளுக்கு என்ன தண்டனை? நீயே சொல்லு."

"பாவங்க, தெரியாம செஞ்சிருப்பாங்க. விட்டுடலாமே."

"விடறதா!"

"சரி, ஒரு நாள் டீ போட்டுக் குடுக்கட்டும்."

எதிராளி குறைத்துக் கேட்டால் பயந்திருக்கிறார் என்று பொருள். பயந்தவரிடம் ஏற்றிப் பேசவேண்டும்.

"ஒரு மாசம்!"

"மாசமா? காலைலயா, சாயங்காலமா?"

"ரெண்டு வேளையும்!"

"பாத்திரம் மட்டும் வேண்டாங்க. இடுப்பு போயிடும்."

"பாத்திரமும் சேர்த்துத்தான்!"

அவள் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான்தான்னு முடிவே பண்ணிட்டீங்க. சரி, நானா இருந்தா அந்தச் சமையல்கட்டு சுவிட்ச் பேச்சையே இந்த ஜென்மத்துல எடுக்கமாட்டேன். போதுமா?"

பாதிவிலைக்கு உள்ளே மத்தாப்பு கொளுத்தியது மாதிரி இருந்தது. பதினோரு வருஷத் தொல்லை, குடையாமல் பூசாமல் ஒரே நாளில் முடிகிறது!

"நான் இல்லேன்னா?" என்றாள் அவள் தணிந்த குரலில்.

"நீ இல்லேன்னா அந்த நிமிஷமே சுவிட்ச் வச்சுத் தர்றேன். சுவிட்ச் என்ன சுவிட்ச், அந்தப் பீரோவையே கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்!"

பீரோவை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தாயிற்று என்று நிச்சயமான பிறகு மனிதனுக்கு வருகிற தாராளம் அது.

"எழுதி வச்சுக்கலாங்க. நாளைக்கு நான் பேச்சு மாறிட்டா?"

"அதுவும் சரிதான்" என்று அவளுடைய அளவு நோட்டை வாங்கி, யாரோ ஒரு வாடிக்கையாளரின் இடுப்பளவுக்குக் கீழே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார்.

மறுநாள் பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். சாட்சிக்கு அவரைத்தான் கூப்பிட்டிருந்தார் பாதிவிலை. போன மானத்தை அவர் எதிரிலேயே மீட்கவேண்டும் அல்லவா? வந்தவர் தோளில் பெரிய பை இருந்தது.

"சாட்சி சொல்ல வர்றவனுக்கு டிரில்லிங் மெஷின் எதுக்குப்பா?"

"அக்கா கொண்டுவரச் சொன்னாங்கண்ணே. பத்தரைக்கு வேலை இருக்குன்னாங்க."

இந்த இடத்தில் பாதிவிலைக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிற வக்கீல் மாதிரி போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"போன வாரம், திங்கட்கிழமை! குளியலறை, ஆறு நாற்பது! படுக்கையறை, ஏழு பத்து! ஹால், எட்டு அஞ்சு! செவ்வாய்க்கிழமை! குளியலறை, ஆறு நாற்பத்தொண்ணு! படுக்கையறை, ஏழு பத்து! ஹால், எட்டு அஞ்சு! பாத்தியாப்பா? கடிகாரம் வச்சுத் திருடறாங்க!"

"எட்டு அஞ்சுக்கு என்னப்பா நடக்கும்?" என்றாள் மகள்.

"நான் கடைக்குக் கிளம்புவேன். நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கைவரிசையைக் காட்டறாங்க!"

"ஆறு நாப்பதுக்கு?"

"நான் குளிச்சிட்டு வெளியே வர்ற..." குரல் லேசாக இறங்கியது. "வர்ற நேரம்."

"மேல படிங்கண்ணே" என்றார் எலக்ட்ரீஷியன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

"புதன்... ஒண்ணும் இல்ல. வியாழன்... ஒண்ணும் இல்ல."

"அந்த ரெண்டு நாளும் நீங்க பழைய பள்ளிக்கூட பெஞ்ச் எடுக்க வெளியூர் போயிருந்தீங்க" என்றாள் மனைவி.

"திருடன் லீவு போல" என்றார் எலக்ட்ரீஷியன்.

பாதிவிலை அவசரமாக அதற்கு முந்தின வாரத்துக்குத் தாவினார். அங்கேயாவது ஏதாவது கிடைக்கும்.

"வெள்ளிக்கிழமை. குளியலறை, ஆறு நாற்பது. படுக்கையறை..."

"சத்தமாப் படிங்கப்பா, கேக்கல."

"...ஏழு பத்து. ஹால், எட்டு அஞ்சு."

"அந்த வெள்ளிக்கிழமை நானும் இவளும் எங்க அக்கா வீட்ல இருந்தோம்" என்றாள் மனைவி. "வியாழன் போனவங்க சனிக்கிழமைதான் வந்தோம். வீட்ல யாருங்க இருந்தா?"

பாதிவிலை தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யாரோ கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற பார்வை.

"இருபத்திரண்டு வருஷமாப் பாக்கறேன்" என்றாள் அவள். "ரூமை விட்டு வெளியே கால் வச்சா கை தானாப் போய் அணைச்சிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பட்டறை முதலாளி நல்லாத்தான் குட்டியிருக்கார்."

"தெரிஞ்சுக்கிட்டேவா யாரோ, யாரோன்னு சொன்னே?"

"யாருன்னு அவருக்கே தெரியும்னு எழுதியிருந்தீங்களே. தெரிஞ்சவர்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

பாதிவிலை கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பாதில முடிச்சுக்குவோம். டீ இருக்கட்டும், பாத்திரம் வேண்டாம். சுவிட்ச் இருக்கட்டும், பீரோ..."

"இந்தக் கடையில கறார் விலைதாங்க" என்று அவள் அளவு நோட்டைத் திறந்து நீட்டினாள்.

எலக்ட்ரீஷியன் டிரில்லிங் மெஷினுக்குப் பிளக்கைத் தேடிக்கொண்டே சொன்னார். "பன்னிரண்டு பல்பு பேரம் பேசி வாங்கினீங்க. இந்தப் பதிமூணாவதைப் பேரமே பேசாம வாங்கிட்டீங்களேண்ணே!"

பீரோவை மூன்று பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பதினோரு வருஷம் கழித்து அந்தப் பழைய சுவிட்ச் வெளியே வந்தது. அதைச் சுற்றிச் சுவர் முழுக்க அளவுகோல் இடித்த கீறல்கள். குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதிவிலை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் எந்த விலையும் சொல்லவில்லை. சமையலறைக்குள் புதுச் சுவிட்சைப் பொருத்தியதும் அவர் மனைவி ஈரக்கையோடு போய் ஒருமுறை போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். பிறகு சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. பாதிவிலை டீ போட்டார். பாத்திரம் கழுவினார். எட்டு மணி தாண்டிக் கடைக்குக் கிளம்பினார். திருந்திய மனிதனின் நிமிர்ந்த நடையோடு ஹாலைக் கடந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். கதவுக்கு வெளிப்பக்கம், சரியாக அவர் கண்ணுக்கு நேராக, ஒரு புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. மனைவியின் கையெழுத்து. கோடு எதுவும் போடவில்லை.

"யாரோ ஒருவர் இப்போதுதான் ஹால் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து நிற்கிறார். யாரென்று அணைத்தவருக்கே தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இன்றைக்காவது அதைச் சரி செய்துவிட்டுக் கடைக்குப் போகவும். இப்படிக்கு, வீட்டுத் தலைவர்."