நேயர் அண்ணன் லைனில் இருக்கிறார்

அரசாங்க சேனலை யாரும் கட்டாயப்படுத்தாமல் தினமும் பார்த்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். திருமங்கலத்தில் நான் வாத்தியாராக இருக்கும் மிஷன் பள்ளியின் கிளார்க் அவர். நாங்கள் வைத்த பெயர், நேயர்.

பிடித்துப் பார்த்தார் என்று நினைக்க வேண்டாம். திட்டுவதற்காகப் பார்த்தார். சேனலுக்கு வாரம் ஒரு தபால் கார்டு போகும். "தென்னைக்கு உரம் வைப்பதை ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். மாத்திரை போட்டும் வராத தூக்கம் வந்தது. நன்றி" என்று ஒருமுறை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கடிதம் வாசிக்கும் பெண் மலர்ந்த முகத்துடன், "தென்னை நிகழ்ச்சிக்கு நன்றி சொல்லியிருக்கிறார் திருமங்கலம் நேயர்" என்றாள்.

அடுத்த கார்டில் நன்றியை எடுத்துவிட்டார். "மந்திரி ரிப்பன் வெட்டுவதை ஏழு நிமிடம் காட்டினீர்கள். மலையை வெட்டியிருந்தாலும் அதற்குள் முடிந்திருக்கும். ஜனங்கள் கேட்பது பாட்டும் சண்டையும்." திறப்பு விழாவை அவர் ஏழு நிமிடமும் ரசித்ததாக வாசித்தார்கள்.

"ரசிச்சேன்னு நான் எங்க மாப்ள எழுதுனேன்?" என்று என் சட்டையைப் பிடித்தார், வாசித்தது நான்தான் என்பது போல.

அப்போதுதான் வியாழன் மாலை நான்கு மணிக்கு நேயர்கள் போனில் பேசும் நேரலை தொடங்கியது. "நேரலைல எப்பிடி வெட்டுவாய்ங்கன்னு பாக்குறேன்" என்று நாலு பக்கத்துக்குக் குறைகளை எழுதிக்கொண்டு வந்தார். ஆசிரியர் அறை டிவியைச் சுற்றிக் கூடினோம். வடை வாங்கி வைத்திருந்தோம். திரையில் ஒரு சின்னப் பெண் சிரித்தபடி போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேயர் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை திருத்திவிட்டு நாலு இருபதுக்கு அழைத்தார். முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது.

"டிவி சத்தத்தக் குறைச்சுக்கங்க சார்."

குறைத்தோம்.

"நீங்கதான் சார் இன்னைக்கு மொத ஆளு. இருபது நிமிஷமா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." வாய் தவறி வந்துவிட்டது போல, சட்டென்று மறுபடி சிரித்தாள். "சொல்லுங்க சார், நம்ம சேனல் எப்பிடி இருக்கு?"

நேயர் பட்டியலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. நீ சாப்பிட்டியா?"

மீதி நேரம் முழுக்க அவள் ஊரான எழுமலையில் மழை உண்டா, அப்பா விவசாயமா, ஹாஸ்டலில் சோறு எப்படி என்றே போனது.

போனை வைத்ததும் சூழ்ந்துகொண்டோம். "என்னண்ணே, இப்பிடிக் கவுத்திட்டீங்க?"

"அம்புட்டு நேரம் ஒத்தையா உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு மாப்ள. அதுகிட்டப் போயி ரிப்பனப் பத்திப் பேசச் சொல்றியா?" என்றவர், பட்டியலை மடித்து வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் நான்கு அடித்ததும், வராந்தாவின் கடைசியில் நின்று நான் போன் செய்தேன். பிடித்த நிகழ்ச்சி எது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போன வாரம் எங்க அண்ணே பேசுனதுதாம்மா" என்றேன்.