ஓடுகிற காரைப் பிடிப்பவர்

கேமராக்காரர்களில் பல ரகம் உண்டு. ஆளை நிற்கவைத்துப் படமெடுப்பவர்கள் சாதுக்கள். அவர்களால் நமக்குக் கழுத்துவலிக்கு மேல் ஆபத்தில்லை. ஆனால் ஓடுகிற காரைப் படமெடுத்து, பார்க்கிறவனுக்கு அதன் வேகம் தெரிந்தாகவேண்டும் என்று அலைகிறாரே ஒருவர், அவரைக் கண்டால் மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த சேனாதிபதி இந்த ரகம். ஏரிச் சாலையில் பறந்த காரை அவர் முதன்முதலில் எடுத்த படத்தில், அது கழுவித் துடைத்து நிறுத்திவைத்த கார்போல இருந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார்: ஷட்டரை மெதுவாக வைத்து, கார் போகிற போக்கிலேயே கேமராவையும் திருப்பினால் கார் தெளிவாக விழும், பின்னால் இருக்கிற மரமெல்லாம் கோடு கோடாக இழுபடும். தொலைந்தது. அன்றுமுதல் வீட்டுக்கு யார் காரில் வந்தாலும், "வாங்க" என்பதற்கு முன்னால் "திரும்பப் போயி இன்னொருக்கா வாங்க" என்றார். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் வரத் தொடங்கினார்கள்.

ஒரு தடவை, அவர் மகள் லீலாவுக்கு மறுநாள் மதராஸில் ஆசிரியப் பயிற்சிக்கு நேர்முகம். மலைக்குக் கீழே கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தாகவேண்டும். விட்டால் படிப்பு போச்சு. கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். அம்மா சுந்தராம்பாளோடு அவள் பொன்னுவேலின் டாக்ஸியில் ஏறினாள். அப்பா கேமராவோடு ஓடிப்போய்க் கீழே வளைவில் நின்றுகொண்டார்.

கார் வந்தது, பூண்டு மூட்டை ஏற்றிய குதிரை குறுக்கே வந்தது. மறுபடி வந்தது; கூடவே மூடுபனியும் வந்தது. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது, பிலிம்தான் சுற்றவில்லை.

"பொன்னுவேலு, ரிவர்ஸ் எடுத்து இன்னொருக்கா வாப்பா. கொஞ்சம் வெரசா."

"மேட்டுல ரிவர்ஸ் போயிப் போயி எஞ்சின் கொதிக்குதுங்கய்யா."

"ரயிலு போயிரும்ப்பா" என்றாள் லீலா.

"ரயிலு தெனமும் வருதும்மா. இந்த வெயிலு தெனமும் வராது."

பெற்ற அப்பாவை என்னவென்று திட்டுவது? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கார் மேட்டில் பின்வாங்கி நின்றதும், சுந்தராம்பாள் டிரைவர் பக்கம் குனிந்தாள்.

"இந்தத் தடவ அவுக கைகாட்டுனாலும் நிறுத்தாத. மலையெறங்கி வத்தலக்குண்டு போயித்தான் நிக்கணும்."

ரயில் கிடைத்ததா? கிடைத்தது. கார்டு விசில் ஊதிய பிறகு, லீலாவின் ஒற்றைச் செருப்பைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ஏறினார்கள். வெறுங்காலோடு போய் நேர்முகத்தில் நின்றாள், இடமும் வாங்கினாள்.

படமா? சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாக வந்திருந்தது. மரங்கள் கோடாகிக் கிடக்க, கார் காற்றாய்ப் பறக்கிறது. பின்சீட்டில் லீலாவின் முகம் துல்லியமாக விழுந்திருக்கிறது: அப்பா பக்கம் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு. சேனாதிபதி அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "என் பொண்ணு மொகத்துல எம்புட்டு உற்சாகம் பாத்தீங்களா" என்று எல்லோரிடமும் கேட்கிறார்.

உங்களிடம் கேமரா இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ஒரு நாள் வாசலில் நின்று கவனியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிற வண்டிகள், அடுத்த வீட்டு வண்டிகளைவிடச் சற்று வேகமாகப் போகின்றனவா?