நரிக்கு நாலு கால்

காந்திமதி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து முதல் பையை எடுத்தாள். பையில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது பையிலும் நரி. மூன்றாவதிலும் அதே. அவள் மூட்டையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். சிவப்புத் துணிப் பைகள் சாப்பாட்டு மேஜை முழுக்கச் சரிந்தன. நாற்பது பை, நாற்பது நரி. ஒவ்வொன்றும் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, முன்னங்கால்களால் ஒரு கலசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது.

"வேலம்மா, என்ன இது?"

"நரிதான்க்கா," என்றாள் பைகளைத் தைத்துக் கொண்டுவந்த வேலம்மாள். கேள்வியின் சூடு அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. "வாலைப் பாருங்க. ஒவ்வொரு வாலுக்கும் மூணு கலர் நூலு."

"வால் கெடக்கட்டும். சுஷ்மா மேடம் பையில நரிக்கு என்ன வேலை?"

"அதை என்னைக் கேட்டா? ஐயா குடுத்த சீட்டுல அப்படித்தான் இருந்திச்சு. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்திச்சு. அப்புறம், நரி முகத்துல முழிச்சா நல்லதும்பாங்களே, பெரிய இடத்துல அதுக்குக் கேக்கறாங்க போலன்னு விட்டுட்டேன்."

காந்திமதிக்குக் காது இரண்டும் குப்பென்று சுட்டது. யாருக்குத்தான் சுடாது? டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், ஒரு சாப்பாட்டு மேஜையைத் தொழிற்சாலையாக வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக எம்பிராய்டரி வியாபாரம் நடத்துகிறவள் அவள். அந்த மேஜையில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சாம்பாரில் நூல் கிடக்கும். சுஷ்மா மேடம் ஜனக்புரியில் ஒரு மகளிர் சங்கத்துக்குத் தலைவி. அந்தச் சங்கம் வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு கைவினை மேளா போடும். அதில் ஒரே ஒரு மேஜை வேண்டுமென்று காந்திமதி நாலு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் இடமில்லை என்றார்கள். அடுத்த வருஷமும் இடமில்லை. மூன்றாவது வருஷம் ஒரு அம்மாள், "சவுத் இண்டியன்னா இட்லி ஸ்டால் போடுங்களேன்" என்றாள். பூவேலை செய்கிறவளைப் பார்த்து இட்லி! அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் நின்றபடியே அவள் அழுதாள்.

அப்பேர்ப்பட்ட சுஷ்மா மேடம் மூன்று வாரத்துக்கு முன்னால் தானாகப் போன் செய்து நாற்பது பை கேட்டாள். பை நன்றாக வந்தால் மேளாவில் மேஜை என்றும் சொன்னாள். மார்ச் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை காலையில் ஆள் வரும் என்றாள். இத்தனையும் அவள் சொன்னது காந்திமதியிடம் இல்லை. காந்திமதியின் கணவர் அய்யாசாமியிடம். அன்றைக்கு அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் காந்திமதி அடுப்படியில் நின்று ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் நரி.

"இங்ஙன வாங்க!"

சனிக்கிழமை. ஆபீஸ் இல்லை. அய்யாசாமி பேப்பரும் கையுமாக வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"அடடே, நரி நல்லா வந்திருக்கே. யாருக்கு?"

"யாருக்கா? மேடம் என்ன கேட்டா?"

"நாரி கேட்டா. இந்தியில நாரின்னா பொம்பளை. மார்ச் எட்டு மகளிர் தினம் வருதுல்லா, அதுக்காயிருக்கும். ஒவ்வொரு பையிலயும் ஒரு நாரி, கலசத்தோட."

"சீட்டை எடு வேலம்மா."

வேலம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். ஏதோ ஆபீஸ் கடிதத்தின் பின்பக்கம். 'சிவப்புப் பை 40. ஒவ்வொண்ணிலும் நரி. கலசத்தோடு. மார்ச் 5.'

அய்யாசாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மத்திய அரசு ஊழியர்களுக்கான இந்திப் பரீட்சைகள் அத்தனையிலும் தேறியவர் அவர். அந்தச் சான்றிதழ் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. ஆனால் இது இந்தியில் வந்த கோளாறு இல்லையே.

"துணைக்கால் விட்டுப்போச்சு போலிருக்கு," என்றார் மெதுவாக.

"விட்டுப்போச்சா? நரிக்கு நாலு காலையும் பொறுப்பா ஒருத்தி போட்டிருக்கா. நாரிக்கு ஒரு கால் போட உங்களுக்குக் கை வரலையா?"

"அவசரம் மதி. நீ அங்ஙன குக்கரை வச்சிருந்தே. அந்தம்மா நாரின்னா, அதோட குக்கர் விசில் அடிச்சிட்டு. அதுக்குப் பொறவும் என்னவோ சொன்னா, காதுல விழல."

"குக்கர் மேல பழியப் போடாதிய! அது அதோட வேலையை ஒழுங்காப் பாத்துச்சு. இந்த வீட்டுல வேலையை ஒழுங்காப் பாக்கது அது ஒண்ணுதான்."

"ஒரு போன் போட்டு மேடத்துட்டயே கேட்டுருவமே?"

"என்னன்னு கேக்க? 'நாரி கேட்டிய, நரி போட்டுட்டோம், பரவால்லையா'ன்னா? நாலு வருஷமா நான் மனுப் போட்டது இதுக்கா? யாரும் போனைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்!"

போனைத் தொடவில்லை. கத்தரிக்கோலைத் தொட்டார்கள்.

நரியைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் பெண்ணைப் போடுவது என்று காந்திமதி முடிவு கட்டினாள். ஒரு பையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நூலாக உருவினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நூல் போயிற்று; நரி போகவில்லை. கார்பன் தாளில் வரைந்த கோடு நீலமாக அப்படியே நின்றது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நீலம் சிவப்பில் கலந்து பரவ, நரி முன்னைவிடக் கொழுத்துத் தெரிந்தது.

"ஒரு பை போச்சே," என்றார் அய்யாசாமி.

"கைத்தவறுக்குன்னு ஒண்ணு கூடத்தான் போட்டேன்," என்று வேலம்மாள் இடுப்பிலிருந்து இன்னொரு நரியை எடுத்தாள்.

அந்த நரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த வேலம்மாள்தான் வழி சொன்னாள். "அக்கா, பிரிக்க வேணாம். பொடவை கட்டிரலாம்."

"எதுக்கு?"

"நரிக்குத்தான். பாருங்க, ஒக்காந்துதானே இருக்குது? பின்னங்காலு கொசுவத்துல மறைஞ்சிரும். முன்னங்காலுக்கு வளையல் போட்டா கையி. வாலை இப்படியே கறுப்பு நூலால மூடி, பூ வெச்சா சடை."

"மூஞ்சி?"

"டெல்லியில அதுக்கா பஞ்சம்? முக்காடு போட்டுர வேண்டியதுதான்."

காந்திமதிக்கு வேலம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கும் மறுநாளுமாக வேலம்மாளும் அவள் நாத்தனார்கள் இரண்டு பேரும் காந்திமதியும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் நாற்பது நரிகளும் புடவை கட்டி, வளையல் போட்டு, முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டன.

அய்யாசாமி வந்து ஒரு பையைக் கையில் எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நான் சொன்னா கோவப்படுவே."

"சொல்லாட்டாலும் படுவேன். சொல்லுங்க."

"முக்காட்டுக்குள்ள மூக்கு நீட்டிக்கிட்டு நிக்கி. யாரையோ கடிக்கக் காத்திருக்க மாதிரி இருக்கு. அது போகட்டும். மகளிர் தினத்துக்கு மூஞ்சிய மூடின பொம்பளையக் குடுத்தா, அந்தம்மா சும்மா இருப்பாளா? பொம்பளை உரிமைன்னு மேடை மேடையாப் பேசுதவ!"

மேஜையைச் சுற்றி ஊசிகள் நின்றன. சொன்னது சரிதான். அதனால்தான் காந்திமதிக்கு ஆத்திரம் இன்னும் பொங்கிற்று. துணைக்காலைத் தொலைத்தவர் வந்து குற்றம் கண்டுபிடிக்கிறார். அதுவும் சரியாகக் கண்டுபிடிக்கிறார். இதை எந்தப் பெண்பிள்ளை பொறுப்பாள்?

"முக்காட்டை எடு வேலம்மா. மூஞ்சியே வச்சிருவோம். முட்டை முட்டையா துணி வெட்டி மேல ஒட்டுப் போட்டுத் தச்சா மூக்கு அடங்கீரும்."

அவள் பெட்டியிலிருந்து இளஞ்சிவப்புத் துணி ஒன்றை எடுத்தாள். வேலம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏங்க்கா, நாட்டுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் பஞ்சாபிக்காரங்களா? என் நெறத்துல ஒருத்தியும் கெடையாதா?"

நியாயமான கேள்வி. நல்ல மாநிறத் துணி எங்கே கிடைக்கும்? காந்திமதியின் கண் வீட்டைச் சுற்றி வந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அய்யாசாமியின் சஃபாரி சூட் தொங்கியது. அழகான காப்பிப்பொடி நிறம். இந்திப் பரீட்சைச் சான்றிதழை மேடையேறி வாங்கியபோது அவர் போட்டிருந்தது.

"ஏ மதி! அது வேண்டாம்! அது நான் ரிட்டயராகுத அன்னைக்குப் போடணும்னு..."

கர்ரக் என்று கத்தரிக்கோல் நடந்தது. முழு வலதுகாலும் தனியாக வந்தது.

"நீங்க விட்ட காலுக்கு இந்தக் கால் சரியாப் போச்சு," என்றாள் காந்திமதி.

அய்யாசாமி திங்கள் முதல் வியாழன் வரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். அரிசி எங்கே, பருப்பு எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை, அவரே தேடிக்கொண்டார். மத்தியானங்களில் வந்து உட்கார்ந்து பொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. யாரும் திருத்தவில்லை.

கண்ணும் புருவமும் வாயும் காந்திமதி தைத்தாள். அந்த மூன்று நாளில் அவள் மனதில் என்னென்னவோ ஓடிற்று. இட்லி ஸ்டால் ஓடிற்று. பஸ்ஸில் நின்று அழுதது ஓடிற்று. "வீட்டுல சும்மா இருக்கியே, பொழுதுபோக்குக்கு நல்லதுதான்" என்று மச்சினர் சொன்னது ஓடிற்று. எல்லாம் ஊசி வழியாக இறங்கியது. புருவங்கள் ஏறி நின்றன. வாய்கள் இறுக மூடின.

புதன்கிழமை சாயங்காலம் கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தாள். பைகளைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். நாற்பது பெண்கள். நீண்ட முகவாய், இடுப்பு கொள்ளாத சடை, கலசத்தை ஒருவனும் பிடுங்கிவிட முடியாத பிடி. நாற்பது பேர் முகத்திலும் அப்படி ஒரு கோபம்.

"மதி," என்றார் அய்யாசாமி, தணிந்த குரலில், "நாப்பதும் நீதான்."

அவர் கேலி செய்யவில்லை. காந்திமதிக்கும் அது தெரிந்தது. வேலம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இதுமாதிரி நாம இதுவரைக்கும் போட்டதில்லக்கா." ஆமாம், போட்டதில்லை. நரியிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பையைப் பார்த்துவிட்டும் மேளாவில் மேஜை தராவிட்டால், சுஷ்மா மேடத்துக்குக் கண் இல்லை என்றுதான் அர்த்தம்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு வாசல்மணி அடித்தது. வந்தவர் நரைத்த மீசைக்காரர், காக்கிச் சட்டை.

"வணக்கம்மா. சுஷ்மா மேடம் டிரைவர். பேரு பெரியண்ணன். கள்ளக்குறிச்சிப் பக்கம்."

"நம்ம ஆளா! உள்ள வாங்க, உக்காருங்க. ஏங்க, காப்பி!"

அடுப்படியில் அய்யாசாமி குக்கரை ஏற்றிவிட்டுக் காப்பி கலந்து கொண்டுவந்தார். பெரியண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பையை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு?" காந்திமதியால் பொறுக்க முடியவில்லை.

"வேலை ரொம்ப நல்லா இருக்குதும்மா. பொம்பளை தத்ரூபமா இருக்கா. பாத்தாலே பயமா இருக்குது."

"பயம் இருக்கணும்! உங்க மேடத்துட்ட சொல்லுங்க. பொம்பளைன்னா முக்காட்டுக்குள்ள ஒளியுதவ இல்ல, இட்லி மட்டும் அவிக்கவ இல்ல. மகளிர் தினத்துல இந்தப் பையக் கையில வாங்குத ஒவ்வொருத்தியும் அதை நெனைக்கணும்!"

"மகளிர் தினமா?" பெரியண்ணன் பையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று மேஜைக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்கம்மா. இது மேடம் பொண்ணு கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை நம்ம பக்கத்து ஆளு, மெட்ராஸ். சம்பந்தி வீட்டுக்காரங்க நாப்பது பேருக்கும் நம்ம வழக்கப்படி தாம்பூலப் பை குடுத்து அசத்தணும்னு மேடத்துக்கு ஆசை. அதான் தமிழ்க்காரங்களா தேடிப் புடிச்சு உங்களுக்குப் போன் போட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். கலசம் கரெக்டா இருக்குது. ஆனா ஒவ்வொரு பையிலயும் மேடம் கேட்டது நாரி..."

அடுப்படியில் குக்கர் வீலென்று விசில் அடித்தது. காந்திமதியும் அய்யாசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் அடங்கும் வரை பெரியண்ணன் மரியாதையாகக் காத்திருந்தார்.

"...யலும்மா. நாரியல். கலசத்து மேல வெப்பமே, தேங்கா."